ஆறு பாடத்துக்கு ஒரு தாயும், ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் உரிமை 1993 வாக்கில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பெற்றோருக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு முன்பு இதற்காகவே கோர்ட்டுப் படியேறிய குடும்பங்கள் பல. வடகரோலைனாவின் உச்ச நீதிமன்றம் 1985-இல்தான் இதை அனுமதித்தது. வழக்குகள் ஓய்ந்தபின் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. ஏழு வயதில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த அம்மாவிடம் அதே பிள்ளை பதினைந்து வயதில் வேதியியல் சமன்பாட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறது. அம்மாவுக்கு அது மறந்து இருபது வருடமாகிறது. பள்ளிக்கு அனுப்ப மனமில்லை. கல்லூரிக்கு அனுப்பாமல் இருக்கவும் முடியாது.

இந்த இடைவெளியில் முளைத்தவைதான் கிறித்தவ டுடோரியல் திட்டங்கள். அவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, வடகரோலைனாவில் 1997-இல் லீ போர்ட்டின்ஸ் தொடங்கிய ‘கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்’ அமைப்பின் ‘சாலஞ்ச்’ வகுப்புகள். மற்றது, பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் மார்லின், லாரி டெட்வைலர் தம்பதி 1996-இல் தொடங்கிய ‘வெரிட்டாஸ் பிரஸ்’ பதிப்பகத்திலிருந்து வளர்ந்த ‘வெரிட்டாஸ் ஸ்காலர்ஸ் அகாடமி’. முதலாவது நேரில் கூடுவது, இரண்டாவது இணையத்தில் நடப்பது. குதிரை வண்டியை விடாத ஆமிஷ் மக்களுக்குப் பேர்போன லங்காஸ்டரிலிருந்துதான் இணையப் பள்ளி வந்திருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. பீட்டர் விம்சி பிரபு என்ற துப்பறிவாளரைப் படைத்த ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். இடைக்கால ஐரோப்பாவின் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்ற மூன்று படிகளைப் பிள்ளையின் வளர்ச்சியோடு அதில் பொருத்திக் காட்டினார். சிறுவயதில் கிளிப்பிள்ளையைப் போல மனப்பாடம், அடுத்து எதற்கும் எதிர்வாதம், அதன்பின் தன்னை வெளிப்படுத்தும் ஆசை என்பது அவர் வகுத்த வரிசை. தமக்குக் கற்பித்த அனுபவம் மிகக் குறைவு என்று அந்த உரையிலேயே அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் டக்ளஸ் வில்சன் என்ற ஐடஹோ மாநிலப் போதகர் 1991-இல் எழுதிய நூல் வழியாக அந்த உரை அமெரிக்கக் கிறித்தவக் கல்வியாளர்களிடையே வேதவாக்காகப் பரவியது. பாதி விளையாட்டாகப் பேசிய பேச்சின்மேல் இவ்வளவு பெரிய கட்டடங்கள் எழும் என்று சேயர்ஸ் நினைத்திருக்க மாட்டார்.

ஒரே கொள்கையை வைத்திருக்கும் இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன? பாடப்புத்தகத்தில் என்று பலர் சொல்வார்கள். பாடத்துக்கு யார் பொறுப்பு என்பதில்தான் பிரிகின்றன என்பது என் கணிப்பு.

சாலஞ்ச் வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள், ஆண்டுக்கு 30 வாரம். பெரும்பாலும் ஏதாவது ஒரு தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். காலையிலிருந்து மாலைவரை ஆறு பாடங்கள் நடக்கும். ஆறையும் நடத்துவது ஒரே ஆள். அவர் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே பிள்ளை உள்ள ஒரு தாய். லத்தீனும் அவர்தான், அல்ஜீப்ராவும் அவர்தான், வேதியியலும் அவர்தான். எல்லாம் தெரிந்தவராக அவரை இந்த அமைப்பு முன்னிறுத்துவதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பவர், அவர்களுக்கு முன்னால் ஓரடி நடப்பவர் என்றே சொல்கிறது. மீதி நாட்களில் பாடம் நடப்பது வீட்டில், பெற்றோரின் பொறுப்பில்.

ஏ, பி என்று தொடங்கி ஒன்று முதல் நான்கு வரை மொத்தம் ஆறு நிலைகள், ஏறக்குறைய 12 முதல் 18 வயதுவரை. முதலாவதான ஏ நிலையிலேயே உலக வரைபடத்தை எதையும் பார்க்காமல் கையால் வரையப் பழக்குகிறார்கள். நாடுகளும் தலைநகர்களும் மலைகளும் நினைவிலிருந்து தாளில் இறங்க வேண்டும். லத்தீனுக்கு ராபர்ட் ஹென்லி என்ற இயேசு சபைக் குருவானவர் 1940-களில் எழுதிய பாடநூல். பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்கள் கத்தோலிக்கக் குருவின் புத்தகத்தில் லத்தீன் படிக்கின்றன; அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அடுத்த பி நிலையில் மாதிரி நீதிமன்றம் நடக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாள் வழக்கறிஞராக நின்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், இன்னொரு நாள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். கடைசி நிலையில் ஓர் ஆய்வுரை எழுதி, கேள்வி கேட்கும் குழுவின் முன் நின்று அதைக் காத்துப் பேச வேண்டும். இந்தத் திட்டத்தின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. கூச்சத்தில் தலை குனியும் வயதில் பிள்ளைகளை எழுந்து பேசவைப்பது சின்னக் காரியமில்லை. வாரத்துக்கொரு முறை அதே பத்து முகங்களின் முன் பேசிப் பேசியே அது கைவருகிறது.

வெரிட்டாஸில் வகுப்புக்கு மணி அடிப்பது கணினி. குறித்த நேரத்தில் பிள்ளைகள் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து ஹெட்போனோடு வந்து சேர்வார்கள். நேரலையில் பாடம் நடத்துபவர் அந்தப் பாடத்துக்கென்று அமர்த்தப்பட்ட ஆசிரியர்; லத்தீனுக்கு ஒருவர், கணிதத்துக்கு வேறொருவர். கட்டுரையைத் திருத்துவதும் மதிப்பெண் போடுவதும் அவர்தான். அம்மாவின் வேலை, பிள்ளை நேரத்துக்கு உட்கார்ந்ததா என்று பார்ப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இங்கே நடுநாயகமாக இருப்பது ‘ஆம்னிபஸ்’ என்ற ஆறாண்டுப் பாடத்தொகுதி. டக்ளஸ் வில்சனும் டைலர் ஃபிஷரும் பதிப்பித்தது. முதல் தொகுதி 2005-இல் வந்தது. பழங்காலம், இடைக்காலம், நவீன காலம் என்று மூன்றாண்டில் ஒரு சுற்று. மேல்வகுப்பில் அதே சுற்று மறுபடியும். ஒரே வகுப்பில் வரலாறு, இலக்கியம், இறையியல் என மூன்று பாடங்களுக்கான தகுதி கிடைக்கிறது. முதல் ஆண்டிலேயே கில்காமேஷ், ஹமுராபியின் சட்டம், ஹோமர், ஹெரோடோட்டஸ், புளூட்டார்க், வெர்ஜில். பிற்காலப் பகுதியில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையும் உண்டு. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர்களே ஹெரோடோட்டஸை முழுதாகப் படித்திருப்பது அபூர்வம். இங்கே பதின்மூன்று வயதுப் பிள்ளை அவரோடு மல்லுக்கட்டுகிறது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றுமட்டும் உறுத்துகிறது: ஒவ்வொரு புத்தகத்தையும் விவிலியத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி பாடநூல் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துகிறது. கில்காமேஷின் வெள்ளக் கதையை அதன் அழகுக்காக ரசிக்க அவகாசம் கிடைப்பதற்குள் ஆதியாகமம் வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறது.

சாலஞ்சின் இலக்கியப் பட்டியல் தொடக்கத்தில் இதைவிட எளிது. ஏ நிலையில் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளும் அமெரிக்கச் சிறுவர் இலக்கியமும்தான். ஆனால் அந்த எளிய கதைகளை வைத்துக்கொண்டே, ஒரு கேள்விக்கு ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் காரணங்களைத் தனித்தனியே திரட்டி, அதன்பின் கட்டுரை எழுதவைக்கிறார்கள். எழுதப் பழகும் வயதில் புத்தகச் சுமை குறைவாக இருப்பது நல்லதுதான்.

நம்பிக்கை விஷயத்தில் இரண்டுக்கும் வேலி ஒன்றே. சாலஞ்ச் பி நிலையில் நீண்ட காலமாக வாசிக்கப்பட்ட நூல்களில் ஒன்று, பெர்க்லி சட்டப் பேராசிரியர் ஃபிலிப் ஜான்சன் டார்வினுக்கு எதிராக 1997-இல் எழுதியது. வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பழகும் பயிற்சியாக அதைப் படிக்கலாம். உயிரியலாகப் படிக்கக் கூடாது. இந்த வழிகளில் வளர்ந்த பிள்ளை மருத்துவம் படிக்கப் போனால், பரிணாமத்தை அதன் ஆதரவாளர்கள் வாயால் முதன்முறையாகக் கேட்பது கல்லூரி முதலாண்டிலாகவும் இருக்கலாம். இதில் இணைய வகுப்புக்கும் நேர் வகுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இனி, கல்லூரி வாசலுக்கு வருவோம். சாலஞ்சில் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைத் தயாரிப்பது பெற்றோர். அமெரிக்காவில் இது செல்லும். 1998-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகைக்கும் வழி திறந்தது. ஆனால் அம்மா போட்ட முதல் தர மதிப்பெண்ணை எந்தச் சேர்க்கை அதிகாரியும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எஸ்ஏடி போன்ற வெளித்தேர்வுகள் அவசியமாவது இங்கேதான். 2015-இல் தொடங்கிய சிஎல்டி என்ற தேர்வு, பழம்பெரும் நூல்களிலிருந்து பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறது. மொத்தம் 120 மதிப்பெண். ஃப்ளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023-இல் அதை ஏற்றபின் இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி. வெரிட்டாஸில் முழுநேரச் சான்றிதழ் வழியில் சேர்ந்தால் மதிப்பெண் போட்டவர் வெளியாள், சான்றிதழ் தருவது அங்கீகாரம் பெற்ற நிறுவனம். அதிகாரியின் மேசையில் அந்தத் தாளுக்குக் கனம் கூடுதல்.

பணத்தைப் பற்றி ஒரு வரி: சாலஞ்சில் ஆறு பாடத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம், வெரிட்டாஸில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி. அம்மாவின் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் சாலஞ்ச் மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சாலஞ்ச் பெற்றோருக்கான பயிற்சியாகவும் தெரிகிறது. வீட்டில் இருக்கும் நான்கு நாளும் கூடவே உட்கார்ந்து லத்தீன் வினைத்திரிபைத் தாமும் படிக்கும் பெற்றோர் வாய்த்தால் அது அருமையாக நடக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதே திட்டம் வாரத்துக்கொரு நாள் சந்திப்பாகச் சுருங்கிவிடும். ஐந்தாம் நாள் பிள்ளை வெறுங்கையோடு வந்து நிற்கும். வெரிட்டாஸ் அந்த வீட்டையும் தாங்கும். ஆனால் எழுந்து நின்று பேசவும், எதிரே இருப்பவரின் முகம் பார்த்து மறுக்கவும் திரை கற்றுக்கொடுப்பது பாதிதான்.

பல குடும்பங்கள் இரண்டையும் கலந்துகொள்கின்றன, அதுவே சரி. பன்னிரண்டிலிருந்து பதினான்குவரை சாலஞ்ச் வகுப்பைவிட நல்ல இடம் வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு எளிதில் அமையாது. பதினைந்துக்குமேல், பொறியியலோ மருத்துவமோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு வேதியியலையும் கால்குலஸையும் அந்தப் பாடத்தில் தேர்ந்த ஆசிரியர்தான் நடத்த வேண்டும். அவர் திரையில் வந்தாலும் பரவாயில்லை.