புல் முளைத்திருந்த இடம்

பாக் விரிகுடாவில் கடற்புல் நட இடம் தேடுகிறவர்கள் முதலில் செயற்கைக்கோள் படத்தை விரிப்பார்கள். நான் பெரியப்பாவிடம் போவேன். மல்லிப்பட்டினம் பக்கம் பாய் கட்டிய வத்தையில் தொழில் செய்தவர். எந்த மேட்டில் ஓரா மொய்த்தது, எங்கே வலை நிறையப் பாசியே வந்தது என்பதை மனோராவையும் கரைத் தோப்பையும் நேர்பிடித்து இன்றும் சொல்வார். ஓரா புல் மேயும் மீன். அது மொய்த்த இடத்தில் புல் இருந்திருக்கும். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814இல் இரண்டாம் சரபோஜி எழுப்பிய கோபுரம் மனோரா. ஓரா மேட்டுக்கு அடையாளம் சொல்ல அது உதவும் என்று மன்னர் நினைத்திருக்கமாட்டார்.

பெரியப்பா காலத்துக் கடல் எப்படி மாறியது என்று தெரியாமல் இடம் பார்ப்பது வீண். இலங்கையும் இராமேசுவரமும் மறைத்து நிற்கும் ஆழமற்ற கடல் இது. தெளிந்த நாளில் வெயில் தரை தொடும். கடற்புல் பாசி இனமல்ல. வேர், பூ, விதை எல்லாம் உள்ள செடி. வெளிச்சம் இல்லாமல் பிழைக்காது. 1960களில் விசைப்படகுகள் பெருகின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. அந்தப் படகுகள் இழுத்த இழுவைமடி வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் தரையைக் கீறிக்கொண்டே போகும். மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் வேர்த்தண்டு அதில் அறுந்தது. கிளம்பிய சேறு மிச்சப் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைத்தது. நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளும் அறுந்தன, அடிதடி நடந்தது. 1970களின் பிற்பகுதியில் வாரத்தின் நாட்களை இரு தரப்பும் பங்கிட்டுக்கொண்டன. 1983இல் வந்த சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்றது. அத்தனை பேச்சிலும் புல்லுக்காக வாதாட ஆளில்லை. ஆனாலும் சட்டத்தை மதித்த இடங்களில் கரையோரப் புல்லுக்கும் அது காவலானது என்பது என் எண்ணம்.

ஆகவே மொட்டைத் தரையைக் கண்டதும் நட்டுவிடக் கூடாது. அது ஏன் மொட்டையானது என்று கேட்க வேண்டும். மடி கீறி, பிறகு மடி வராமல் போன இடமென்றால் நடலாம். பக்கத்திலேயே உயிருள்ள புல் இருந்தால் இன்னும் நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் சேற்றைக் கொண்டுவந்து குவித்த இடமும், இறால் பண்ணைக் கழிவுநீர் இறங்கும் வாய்க்கால் முகமும் வேண்டாம். வற்றத்தில் வெயில் காயும் திட்டும் அப்படித்தான். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பார்ப்பது எளிய சோதனை. ஆனால் வாடைக்காற்றில் இந்தக் கடல் கலங்கிக் கிடக்கும். ஒரு பருவத்து அளவை நம்பக் கூடாது.

நடுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தண்டோடு புல்லை முடிந்து தரையில் பதிப்போம். கயிறு மட்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டர் கடல் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆனது. கடற்பசுவைப் பெரியப்பா ஆவுளியா என்பார். அதைச் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: "ஆவுளியாவுக்கு நடுறீங்களா, நண்டுக்கா?" இரண்டுக்கும்தான் என்றேன். "அப்ப அங்க நண்டுவலை விடலாமா, கூடாதா?" அவர் சொன்ன மேட்டில் இன்னும் நண்டுவலை விடுகிறார்கள். வலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கும்வரை அங்கே மூங்கில் சட்டம் இறக்குவதாக இல்லை.