பழைய இசையை அழித்தவர்கள் யார்?



மேற்கத்திய இசையில் பழக்கமுள்ள மூத்தவர்கள் சிலர் சொல்லும் ஒரு குற்றச்சாட்டை நீங்களும் கேட்டிருக்கலாம். 1960களில் நீண்ட தலைமுடியோடும் மின்கிதாரோடும் வந்த ராக் இசைஞரும் ஹிப்பிகளும், அதற்கு முன்பு அமெரிக்காவில் தழைத்திருந்த இனிய இசையை அழித்துவிட்டார்கள் என்பதே அது. ஒருவர்மேல் பழி சுமத்துமுன் சாட்சிகளை விசாரிக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். இந்த வழக்கையும் அவ்வாறே விசாரித்துப் பாருங்கள்.

அழிந்ததாக முதலில் சொல்லப்படுவது பிக் பேண்ட் எனப்படும் பெரிய நடன இசைக்குழுக்கள். டிரம்பெட்டும் சாக்சபோனும் முழங்க, நடன அரங்குகளை நிரப்பியவை அவை. அவற்றின் வீழ்ச்சிக்கான காரணங்களை 1940களில் தேட வேண்டும். இசைத்தட்டுகள் தங்கள் பிழைப்பைப் பறிக்கின்றன என்று கண்ட இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில், 1942 ஆகஸ்டு 1 முதல் ஒலிப்பதிவுகளை நிறுத்திவைத்தது. கொலம்பியா, விக்டர் ஆகிய பெரிய நிறுவனங்கள் இணங்குவதற்கு 1944 நவம்பர் ஆயிற்று. வெறும் குரலால் பாடுவோருக்கு இத்தடை பொருந்தவில்லை. எனவே 1943இல் ஃபிராங்க் சினாட்ரா, இசைக்கருவிகள் இல்லாமல் பாடகர் குழுவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்தார். பாடகர் முன்னே வந்தார். குழு பின்னே போயிற்று.

போர்க்காலம் வேறு. வாசிப்பவர்கள் படைக்கு அழைக்கப்பட்டார்கள். பெட்ரோலும் டயரும் பங்கீட்டுக்கு உட்பட்டதால் ஊர் ஊராகச் செல்லும் பேருந்துகள் முடங்கின. 1944இல் நடனமும் பாட்டும் நடக்கும் கேளிக்கை விடுதிகளின்மேல் 30 விழுக்காடு வரி விழுந்தது. அது சில மாதங்களில் 20 ஆகக் குறைந்தும் பல முதலாளிகள் நடனத்தளத்தை மூடுவதே இலாபம் என்று கண்டார்கள். 1946 முடிவதற்குள் பென்னி குட்மேன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ், உட்டி ஹெர்மன் ஆகியோரின் குழுக்கள் கலைந்தன. சில பிற்பாடு மீண்டும் கூடின. அப்போது ஜான் லெனனுக்கு வயது 6. அந்தக் குழந்தையின்மேல் இக்குற்றத்தைச் சுமத்துவது நியாயமாகுமா?

1960களிலும் பழைய குரல்கள் அடங்கிவிடவில்லை. 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கப் பாடல் வரிசையின் முதலிடத்தைத் தொடர்ந்து 14 வாரங்கள் பிடித்துவைத்திருந்தார்கள். மே மாதத்தில் அவர்களை இறக்கியவர் யார் தெரியுமா? 62 வயதான ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்!

ஆயினும் ராக் இசையைக் குற்றமற்றது என்று விடுவிக்க என்னால் இயலவில்லை. அது மெய்யாகவே நலிவித்த ஒன்று உண்டு: பிறர் பாடுவதற்காகப் பாட்டெழுதி மெட்டமைக்கும் தொழில். நியூயார்க்கின் பிராட்வே சாலைக் கட்டடங்களில், பியானோ ஒன்று மட்டுமே கொள்ளும் சிற்றறைகளில் அமர்ந்து இளம் எழுத்தாளர்கள் நாள்தோறும் பாடல்களை உருவாக்கினார்கள். கரோல் கிங்கும் அவருடைய கணவர் ஜெரி காஃபினும் அவர்களுள் இருவர். அவர்கள் பாடலொன்றைப் பீட்டில்ஸ் தம் முதல் இசைத்தொகுப்பிலேயே பாடினார்கள். ஆனால் அதே பீட்டில்ஸும் பாப் டிலனும் காட்டிய வழியில், தன் பாட்டைத் தானே எழுதாத பாடகர் நேர்மையானவரல்லர் என்ற எண்ணம் பரவிற்று. பிறர் எழுதியதைப் பொருளுணர்ந்து பாடுவதும் ஒரு கலை என்ற மதிப்பு தாழ்ந்தது. கரோல் கிங் தாமே பாடத் தொடங்கி 1971இல் பெரும்புகழ் பெற்றார். அப்படிப் பாடவியலாத எத்தனையோ பேருக்கு வேலை சுருங்கிற்று. இதைச் சிறிய இழப்பாக நான் எண்ணவில்லை.

ப்ளூஸ் இசையின் கதை இன்னும் சிக்கலானது. கறுப்பின மக்களின் அந்த இசையை வெள்ளையின இளைஞரிடம் பரப்பியவர்கள் ராக் குழுவினரே. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தங்களோடு ஹௌலின் உல்ஃபையும் மேடையேற்றினார்கள். இது நன்றியறிதல். ஆனால் வில்லி டிக்சன் தம் பாடலின் பங்கைப் பெறுவதற்காக லெட் செப்பலின் குழுவின்மேல் 1980களில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. 1987இல் அது சமரசமாக முடிந்தது. கனப்படுத்திய கைகளே கூலியை நிறுத்திவைத்தன.

திருச்சபையில் வளர்ந்த ஒருவரின் காட்சியையும் உங்கள்முன் வைக்கிறேன். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் நற்செய்திப் பாடல்களை மின்கிதார் மீட்டிப் பாடியவர். ராக் இசை பிறக்குமுன்பே அவ்வாறு வாசித்தவர். 1964 மே மாதம், பீட்டில்ஸ் அலை உச்சத்தில் இருந்தபோது, மான்செஸ்டர் நகரில் கைவிடப்பட்ட ஓர் இரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக அவர் பாடினார். ஒரு நடைமேடையில் கலைஞர்கள். தண்டவாளத்துக்கு அப்பால் மறு நடைமேடையில் இளைஞர் கூட்டம். அன்று மழை பெய்தது. 49 வயதான அவர் குதிரை வண்டியில் வந்திறங்கி, கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோவாவின் காலத்து மழையைப் பற்றிய பாடலோடு தொடங்கினார். எதிரே இருந்த இளைஞர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள்.