பழைய மின்சாரக் கார்: ஓடிய தூரத்தைவிட பேட்டரியின் நிலையே முக்கியம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மீட்டரில் உள்ள கிலோமீட்டரைத்தான். அடுத்து இன்ஜின் சத்தம், கியர், எண்ணெய்க் கசிவு. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துப் போனால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மின்சாரக் காரில் இந்த அனுபவம் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இன்ஜினே இல்லாத அந்தக் காரின் மதிப்பில் பெரும்பங்கு, இருக்கைகளுக்குக் கீழே படுத்திருக்கும் பேட்டரியில் இருக்கிறது. அது பாதி தேய்ந்திருந்தாலும் கார் சத்தமில்லாமல் சுகமாகவே ஓடும்.

மலேசியாவில் இப்போது குறைந்த விலையில் கைமாறும் மின்சாரக் கார்களில் நிசான் லீஃப் முக்கியமானது. அதன் முதல் தலைமுறை 24 கிலோவாட் மணி பேட்டரியுடன் வந்தது. 40 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட இரண்டாம் தலைமுறை 2019-இல் இங்கு அறிமுகமானபோது விலை ஏறக்குறைய 189,000 ரிங்கிட். இன்று அதில் ஒரு பகுதி விலைக்கே அது கிடைக்கிறது. விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் வெப்பம்.

கைப்பேசி வாங்கிய புதிதில் ஒரு நாள் முழுவதும் தாங்கும். மூன்று ஆண்டுகளில் மாலைக்குள் அணைந்துவிடும். கார் பேட்டரியும் லித்தியம் வகைதான், மெதுவாகத் தேய்கிறது. ஓட்டினாலும் தேயும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் தேயும். முழுச் சார்ஜுடன் வெயிலில் நிற்கும் காருக்குத் தேய்மானம் அதிகம். அதனால்தான் எட்டு ஆண்டில் 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் என்று கேட்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது.

பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும். முதல் இரு தலைமுறை லீஃப் காரில் அந்த வசதி இல்லை. அதன் மீட்டரில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 சிறு கோடுகள் உண்டு. கொள்ளளவு சுமார் 85 விழுக்காட்டுக்கு இறங்கும்போது முதல் கோடு மறையும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 2012-லேயே, வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கார்களில் கோடுகள் மறையத் தொடங்கின. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்த பிறகு, 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் 9-க்குக் கீழே இறங்கினால் பழுதுபார்த்தோ மாற்றியோ தருவதாக நிசான் உத்தரவாதம் அளித்தது. நம் நாடு பாலைவனம் இல்லைதான். ஆனால் இங்கே பேட்டரிக்கு ஓய்வு தரக் குளிர்காலம் வருவதில்லை.

இதை ஒரு குடும்பத்தின் கணக்காகப் பார்க்கலாம். சுங்கைப் பட்டாணியிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்த் திரும்ப 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். முதல் தலைமுறை லீஃப் புதிதாக இருந்தபோதே ஒரு சார்ஜில் சுமார் 120 கிலோமீட்டர்தான் ஓடும் என்று அமெரிக்க அரசாங்கச் சோதனை மதிப்பிட்டது. பேட்டரி 70 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தால் 84 கிலோமீட்டர். இரவு வேலை முடிந்து வருபவர் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். அதே கார், பக்கத்துத் தாமானில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய் வருபவருக்குத் தாராளமாகப் போதும். ஆக, தேய்ந்த பேட்டரி எல்லாருக்கும் மோசமான பேரம் அல்ல. எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாமல் வாங்குவதுதான் மோசமானது.

தெரிந்துகொள்ள வழி உண்டு. காரின் ஓபிடி துளையில் பொருத்தும் சிறு கருவியும், லீஃப் ஸ்பை என்னும் கைப்பேசிச் செயலியும் இருந்தால் பேட்டரியின் ஆரோக்கிய விழுக்காட்டையும் செல்களுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாட்டையும் பார்க்கலாம். வேறுபாடு அதிகமாக இருந்தால் கவனம் தேவை. ஒரு செல் பலவீனமானாலும் முழு பேட்டரியும் அதன் நிலைக்கு இறங்கிவிடும். மீட்டர் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். கணினி நினைவை அழித்து 12 கோடுகளையும் தற்காலிகமாக வரவழைத்து விற்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு.

கருவி இல்லாதவர்கள் சார்ஜர் வழியாகக் கணக்கிடலாம். 40 கிலோவாட் மணி லீஃப் காரை 20 விழுக்காட்டிலிருந்து முழுதாகச் சார்ஜ் செய்யப் புதிதில் ஏறக்குறைய 35 யூனிட் மின்சாரம் தேவைப்படும். வழியில் ஏற்படும் இழப்பும் அதில் அடங்கும். சார்ஜர் 27 யூனிட்டோடு நின்றுவிட்டால், பேட்டரியில் மீதமிருப்பது முக்கால் பங்குதான். ஒரு இரவு காத்திருக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே ஒரு பதில்.

பிஒய்டி அட்டோ 3 போன்ற 2022-க்குப் பிந்திய கார்களில் நிலைமை மேல். அதில் உள்ள இரும்பு-பாஸ்பேட் வகை பேட்டரி அதிகமுறை சார்ஜ் செய்தாலும் தாங்கும். குளிர்விக்கும் வசதியும் உண்டு. ஆனால் வெள்ளத்தில் நின்ற கார் எந்த வகையானாலும் ஆபத்து. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய வாகனங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கைப் பட்டையை முழுதாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும்.

பெயர் மாற்றத்திற்கு முன் நடக்கும் புஸ்பாகோம் சோதனையில் தேறியதை பேட்டரிக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. அதேபோல், "போன மாதம்தான் புது பேட்டரி போட்டேன்" என்று விற்பவர் சொன்னால், எந்த பேட்டரி என்று கேட்க வேண்டும். மின்சாரக் காரிலும் சாதாரணக் காரில் இருப்பதுபோல் 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று உண்டு. சில நூறு ரிங்கிட்டில் மாற்றக்கூடியது அது. பெரிய பேட்டரியின் விலை பல்லாயிரம் ரிங்கிட்.

வங்கிக் கடன் எடுப்பவர்கள் இரண்டு தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. 2019-இல் பதிவான காருக்கு அது 2027-இல் முடிந்துவிடும். தவணையோ அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடும். புது உரிமையாளருக்கு உத்தரவாதம் செல்லுமா, கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், சர்வீஸ் பதிவுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.