கருவிப்பையும் கடைத்தெருவும்

சின்னமனூர் என்றதும் இலக்கிய வாசகர்க்கு நினைவில் எழுவன பாண்டியர் செப்பேடுகள்தாம். பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அவை பேசுகின்றன. அவ்வூரை முன்னிட்டு இங்கு நாம் பார்க்க முற்படுவது மிகச் சிறிய வரலாறு ஒன்றை: வழியில் சைக்கிள் நின்றுபோனால் அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு?

1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். பயணம் மென்மையாயிற்று, ‘பஞ்சர்’ என்னும் தொல்லையும் உடன் பிறந்தது. தொடக்கத்தில் டயரை ரிம்மோடு ஒட்டியே வைத்திருந்தனர். பிரித்து ஒட்டுவதற்குள் பொழுது போய்விடும். 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டத்தக்க டயரைக் கொண்டுவந்த பிறகே சாலையோரத்தில் தானே பஞ்சர் ஒட்டுவது எளிதாயிற்று. சீட்டுக்குப் பின்னே தொங்கிய தோற்பையில் ஸ்பேனர், லீவர், ஒட்டுத்துண்டு எல்லாம் இருந்தன.

பிரான்சின் சைக்கிள் பந்தயமோ இதை விதியாகவே ஆக்கியது. 1913இல் தூர்மலே மலையில் கிறிஸ்தோஃப் என்பவரின் முன் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பதால் சைக்கிளைச் சுமந்து நெடுந்தூரம் இறங்கினார். ஒரு கொல்லன் உலையில் தாமே அதைப் பற்றவைத்தார். துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டதற்காக நேரத் தண்டனையும் பெற்றார்! விதி எவ்வளவு இரக்கமற்றது பாருங்கள்.

நம் நாட்டுக்கு ஆங்கிலச் சைக்கிள்கள் வந்தன. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றி, அம்பத்தூரிலேயே அவற்றைச் செய்யத் தொடங்கியது. சைக்கிள் பெருகிய அளவுக்குக் கருவிப்பை பெருகவில்லை. காரணம், சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைக்காரரே பழுதும் பார்த்தார்; வாடகைச் சைக்கிள் எடுத்தவர்க்கு ஸ்பேனர் எதற்கு? கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பும் இதற்கு உகந்ததே. 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் இந்நிலத்தில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் ஒரே சாலையில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. காற்று இறங்கினால் அடுத்த ஊர்வரை உருட்டிச் செல்லலாம். அங்கே தண்ணீர்த் தொட்டியில் ட்யூப்பை அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவைத்து ஒட்டித் தந்துவிடுவார்கள். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதோ பெருங்கலை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கித் தளர்த்தும் அந்த விரல்களுக்கு ஈடான கருவி எந்தப் பையிலும் இல்லை. சட்டைப்பையில் ஒரு துண்டு வால்ட்யூப் வைத்திருந்தால் அதுவே பெரிய முன்னெச்சரிக்கை.

ஆனால் கடை எப்போதும் ஆண்களின் இடமாகவே இருந்தது. இதை எண்ணும்போது நம் நினைவு புதுக்கோட்டைக்குப் போகிறது. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் அவர்கள் தாமே போனார்கள். அத்தகைய விடுதலையும் ஒரு முள் குத்தினால் ஆண்கள் கூடியிருக்கும் கடையின் முன்னே போய் நின்றாக வேண்டும். 2001இல் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால் பள்ளி மாணவியரும் இதே சாலைகளில் சைக்கிளில் செல்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த அளவுக்குப் பழுதுபார்க்க நாம் கற்றுக்கொடுத்தோமா என்பது ஐயமே.

இன்று வாடகைக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எஞ்சிய கடைகள் பலவும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டன. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு மிதித்து ஏறுவோர், தென்பழனி சோதனைச் சாவடியைக் கடந்தபின் கடையை நம்பிப் பயனில்லை. மாற்று ட்யூப், இரண்டு லீவர், ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், கைப்பம்பு, ஒரு ஸ்பேனர்: பழைய தோற்பையில் இருந்தவையேதாம். இங்கே உருட்டிச் சென்று சேர அடுத்த ஊர் பக்கத்தில் இல்லை. ட்யூப்பை ஒட்டியதும் அவசரப்பட்டு மாட்டிவிடக் கூடாது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய முள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.