தோட்டத்து லோரி: மாதிரி செய்து வரலாறு படிப்போம்



எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாணவன் பால் ஏற்றும் லோரியின் மாதிரி ஒன்றை வைத்திருந்தான். அட்டையாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் செய்தது. சிவப்பு முகப்பு, பின்னால் உருண்டை டாங்கி, அதன் அடியில் பொன்னிறத்தில் பளபளக்கும் பைப்பு. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ரப்பர் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்.

"தம்பி, லோரி நல்லா இருக்கு. ஆனா பால் டாங்கியில பித்தளை பைப்பு வைக்க மாட்டாங்கப்பா. செம்பு பட்டா ரப்பர் கெட்டுப் போயிரும்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ரப்பர் பாலில் செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் விரைவில் பிசுபிசுத்து வலுவிழக்கும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவும் பித்தளையை அரிக்கும். அதனால்தான் பால் தொடும் இடங்களில் செம்பையும் பித்தளையையும் தவிர்த்தார்கள். அந்த மாணவனுக்கு இது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கவில்லை. தப்பாகப் பூசிய ஒரு துளி வண்ணம்தான் அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். எழுதும்போது "லோரியில் பால் ஏற்றிச் சென்றனர்" என்று ஒரே வரியில் தாண்டிவிடலாம். மாதிரி செய்யும்போது அப்படித் தாண்ட முடியாது. எந்த லோரி? எந்த ஆண்டு? எத்தனை சக்கரம்? யார் ஏறினார்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் தேட வேண்டும்.

லோரி ஏன் முக்கியம்?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், போர்ட்டிக்சன், லாபு, பஹாவ் வட்டாரங்களை நினைத்துப் பாருங்கள். லின்சம், கொம்போக், சுவா பெத்தோங், கெடீஸ் என்று தோட்டப் பெயர்களை இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. இந்தத் தோட்டங்களின் வேலை முழுவதும் நேரத்தோடு நடந்த போட்டி. விடியுமுன் பிரட்டு. பிறகு பால் வெட்டு. வெயில் ஏறியதும் பால் எடுப்பு. மரத்திலிருந்து வடிந்த பால் சில மணி நேரத்தில் தானாகவே உறையத் தொடங்கும். வழியிலேயே உறைந்தால் முதல் தரத் தாள் போட முடியாது. ஆகவே, காட்டிலிருந்து ஆலைக்குப் பால் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்தே தோட்டத்தின் வருமானம் இருந்தது.

முதலில் மனிதத் தோள். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி கட்டி நிறுவை இடத்துக்குச் சுமந்தார்கள். பிறகு மாட்டு வண்டி. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891-லேயே வந்துவிட்டது. ஆனால், அது ஈயத்தின் காலத்தில் போட்ட பாதை. ரப்பர் பிற்பாடுதான் அதில் ஏறியது. தோட்டத்தின் உள்ளே, மேடு பள்ளமான செம்மண் சாலையில் ஓட லோரி தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908-இல் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை வெளியிட்டது. டயருக்கு ரப்பர் வேண்டும் என்பதால்தான் இங்கே காடழித்துத் தோட்டம் போட்டார்கள், தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். பால் லோரியின் டயரும் அதே பாலிலிருந்து வந்ததுதான். 'ரப்பர் தொழிலின் வளர்ச்சிக்குக் காரணங்கள்' என்ற கேள்விக்கு இதை விட்டுவிடாதீர்கள்.

முதல் படி: ஆண்டைக் குறியுங்கள்

கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு தாளில் ஆண்டை எழுதுங்கள். வரலாற்றுச் சிந்தனைத் திறன்கள் ஐந்தில் முதலாவது காலநிரலை அறிதல். மாதிரி வேலையிலும் அதுவே முதல் படி.

1950-களின் லோரி என்றால் பெரும்பாலும் முகப்பில் மூக்கு நீண்டிருக்கும். எஞ்சின் அதற்குள் இருக்கும். மலாயாவில் ஓடிய பிரிட்டிஷ் லோரிகளில் பெட்ஃபோர்டு பெயர் பெற்றது. 1960 வாக்கில் வந்த பெட்ஃபோர்டு 'டி.கே.' வகையில் அந்த மூக்கு இல்லை. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் போய்விட்டது, முகம் தட்டையானது. பிறகு இசுசு, ஹினோ போன்ற ஜப்பானிய லோரிகள் பெருகின. 1952 என்று அட்டையில் எழுதிவிட்டு 'டி.கே.' லோரியை வைத்தால், அது காலப் பிழை.

அவசரகாலம் (1948–1960) என்றால் இன்னொன்றும் யோசிக்கணும். சாலையில் பதுங்கித் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் தோட்ட நிர்வாகிகளின் வாகனங்களுக்கு இரும்புத் தகடு அடித்த காலம் அது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு. மாதிரி லோரிக்குப் பக்கத்தில் ஒரு முள்வேலிக் கதவு வைத்தாலே அந்தக் காலம் விளங்கிவிடும்.

செம்பனைக் காலம் என்றால் டாங்கி கிடையாது. குலை ஏற்ற உயர்ந்த பக்கச் சட்டங்களும், பின்புறம் சாய்த்துக் கொட்டும் தொட்டியும் வேண்டும்.

இரண்டாம் படி: அளவு

லோரி மாதிரி செய்பவர்கள் உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தும் அளவு 1:24. உண்மைப் பொருளின் 24 செ.மீ. மாதிரியில் 1 செ.மீ. ஆகும். 6 மீட்டர் லோரி 25 செ.மீ. ஆகும். 160 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆள் ஏறக்குறைய 6.7 செ.மீ. தான். தொட்டியின் தரைப் பலகை 15 செ.மீ. அகலம் என்றால் மாதிரியில் 6 மில்லிமீட்டர். ஐஸ்கிரீம் குச்சியை அப்படியே ஒட்டாதீர்கள். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலமுள்ள குச்சி, உண்மையில் 24 செ.மீ. பலகையாகிவிடும். நீளவாக்கில் வெட்டிச் சிறிதாக்குங்கள்.

பழைய லோரி கையில் இல்லாதபோது எதை வைத்து அளப்பது? பழைய படத்தில் லோரிப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் அவர்தான் உங்கள் அளவுகோல். ஆளின் உயரத்தோடு டயரை, கதவை, தொட்டியை ஒப்பிடுங்கள். இதுவும் சான்றை ஆராய்தல்தான்.

மூன்றாம் படி: எலும்புக்கூடு

அடிச்சட்டத்தை ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் இரண்டு சட்டம், குறுக்கே நான்கைந்து துண்டு. அதன் கீழே வில் தகடுகள் வரும். தடித்த தாளை ஒன்றைவிட ஒன்று குட்டையான ஐந்தாறு கீற்றுகளாக வெட்டி, அடுக்கி ஒட்டி, பசை காயும்முன் ஒரு பாட்டிலின் மேல் லேசாக வளைத்து வையுங்கள். காய்ந்ததும் உண்மையான வில் போலவே நிற்கும்.

மாணவர்கள் அடிக்கடி விடும் பிழைகள் இரண்டு. ஒன்று, நான்கே சக்கரம் வைப்பது. பாரம் ஏற்றும் லோரிக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு. இரண்டு, கடையில் வாங்கிய அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிப் பெட்டியை அப்படியே பொருத்துவது. அவற்றில் பெரும்பாலும் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். நம் நாட்டில் வலப்பக்கம். முன்பலகையை அறுத்து இடம் மாற்றி ஒட்ட வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற சாலை விதியின் அடையாளம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் பலகையில் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. நெகிரி செம்பிலானுக்கு 'என்' என்ற ஆங்கில எழுத்து முதலில் வரும். பழைய வண்டிகளுக்கு அந்த ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும்தான். அவை தீர்ந்த பிறகே இரண்டாம் எழுத்து சேர்ந்தது.

வெட்டும் வேலை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தெளிப்பு வண்ணம் திறந்த வெளியில் மட்டும்.

நான்காம் படி: தோட்டத்து அழுக்கு

புது லோரி மாதிரி பளபளத்தால் அது கடை லோரி. தோட்டத்து லோரியாக வேண்டுமென்றால் அதை உழைக்க வைக்கணும்.

முதலில் அடிப்பூச்சு, பிறகு நிறம். காய்ந்ததும் கரும்பழுப்பு வண்ணத்தைத் தண்ணீர்போலக் கரைத்துப் பூசி, உடனே துணியால் துடையுங்கள். மூலை முடுக்குகளில் மட்டும் கருமை தங்கும். அடுத்து, தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டுத் தாளில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தேயுங்கள். கைபட்டுத் தேய்ந்த இரும்பு தெரியும். சிறு பஞ்சுத் துண்டில் பழுப்பு தொட்டு ஒற்றினால் துரு.

செம்மண்ணுக்கு வண்ணம் வாங்க வேண்டாம். தோட்டத்து மண்ணையே காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் குழைத்துச் சக்கரத்திலும் மண்காப்பிலும் தடவுங்கள். சலிக்காமல் போடாதீர்கள். 1 மில்லிமீட்டர் மணல் துகள் இந்த அளவில் 24 மில்லிமீட்டர் கல்லாகிவிடும்!

பால் வழிந்த தடம் இன்னும் நுட்பமானது. புதிய பால் வெள்ளை. காய்ந்தால் மஞ்சள், பிறகு பழுப்பு. ஆகவே டாங்கியின் வாயருகே வெள்ளையும், கீழே வழிந்த பழைய தடத்தில் பழுப்பும் வர வேண்டும். தார்ப்பாய்க்குத் திசுத்தாளைக் கரைத்த பசையில் நனைத்துப் போர்த்துங்கள். மடிப்பு இயற்கையாக விழும். பைப்புக்கு மட்டும் தங்க நிறம் வேண்டாம்!

ஐந்தாம் படி: தொட்டியில் யாரை ஏற்றுவது?

இங்கேதான் மாதிரி வேலை கனமாகிறது. தோட்டத்து லோரி பாலை மட்டும் சுமக்கவில்லை.

1942–1943 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை லோரிகளிலும் இரயில் பெட்டிகளிலும் ஏற்றிச் சென்றார்கள். திரும்பாதவர் பலர். சம்பளமும் உணவும் கிடைக்கும் என்று நம்பி ஏறியவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

பிற்காலத்தில் தூரத்துக் காட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப் போனதும் லோரிதான். அந்தத் தலைமுறையிடம் கேட்டுப் பாருங்க, "நாங்க லோரியில நின்னுக்கிட்டேதான் டவுன் ஸ்கூலுக்குப் போவோம்" என்று சொல்பவர்கள் நிறைய. மேற்கூரை இருந்ததா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்ததா என்று கேளுங்கள். மாதிரியில் அந்தக் கம்பியை வைப்பதா, விடுவதா என்பது பாதுகாப்பைப் பற்றிய வரலாற்றுக் கேள்வி.

கடைசிப் பயணமும் லோரியில்தான். 1950-களிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் பலர். அதைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பின்னர் செம்பனையும், அதன்பின் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. நீலாய்ப் பக்கம் இன்று நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அங்கே பால்மரம் இருந்தது என்றே தெரியாது. கட்டில், அலமாரி, சாமிப் படம், சைக்கிள் ஏற்றிய லோரி ஒன்றைச் செய்து வைத்தால், 'தோட்டத் துண்டாடலின் விளைவுகள்' என்ற விடை மாணவனுக்கு மறக்காது.

கடைசிப் படி: குறிப்பு அட்டை

மாதிரிக்குப் பக்கத்தில் மூன்று வரி கொண்ட அட்டை ஒன்று வையுங்கள். முதல் வரியில் ஆண்டும் இடமும். இரண்டாவதில், படத்திலிருந்தோ நேர்காணலிலிருந்தோ உறுதியாகத் தெரிந்த விவரங்கள். மூன்றாவதில், நாமாக ஊகித்தவை. சான்று, விளக்கம், கற்பனை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் இந்தப் பழக்கம் தேர்வுத்தாளிலும் கைகொடுக்கும். ஏன் அப்படி ஊகித்தோம் என்று காரணம் சொன்னால் ஐந்தாம் திறனும் சேர்ந்துவிடும்.

ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள். மாதிரி முடிந்த பிறகு பெரியவர்களை அழைக்காதீர்கள். பாதி வேலையிலேயே அழையுங்கள். வண்ணம் பூசாத லோரியை அவர்கள் கையில் கொடுங்கள். "இது இப்படி இருக்காது" என்று சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை மாணவர்கள் எழுதி வைக்கட்டும். லோரி ஓட்டியவர், பால் நிறுத்த கிராணி, தொட்டியில் நின்று போன பாட்டி என்று அந்தத் தலைமுறையில் ஆண்டுக்கு ஆண்டு ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

எங்கள் மாணவன் அன்றே பைப்பைச் சுரண்டி, சாம்பல் நிறம் பூசினான். அட்டையின் இரண்டாம் வரியில் இப்படிச் சேர்த்தான்: "பைப்பு பித்தளை அல்ல. தகவல்: ரப்பர் ஆலையில் வேலை செய்த ஒரு தாத்தா." அதுதான் அவன் சேகரித்த முதல் முதன்மைச் சான்று. உங்கள் மாணவர்களும் இந்த விடுமுறையில் ஒன்றைத் தொடங்கட்டும்.