இரண்டாவது வோட்டு

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. பொதுத் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடத்தி அபேட்சகரைப் பொறுக்குவார்கள். எவருக்கும் பாதிக்கு மேல் வோட்டு விழாவிட்டால், முதல் இருவரை மட்டும் நிறுத்தி மறுபடியும் ஒரு தேர்தல். 1982-இல் வட கரோலினாவில் மிக்கி மிஷோ என்ற கறுப்பர் முதல் சுற்றில் 44 சதவீதம் பெற்று முன்னணியில் நின்றார். மறு சுற்றில் வெள்ளையரான எதிரி ஜெயித்துவிட்டார். 1984-இல் ஜெஸ்ஸி ஜாக்ஸன், இந்த மறுதேர்தலையே ஒழிக்க வேண்டும் என்று கொடி பிடித்தார். கட்சி மாநாடு சம்மதிக்கவில்லை. ஆனாலும் வட கரோலினா 1989-இல் பாதி என்ற வரம்பை 40 சதவீதமாகக் குறைத்துக் கொண்டது.

வெள்ளானூரில் என்னோடு மாலையில் உலாவ வரும் பென்ஷன்காரர் ஒருவர் ஜாக்ஸன் கட்சி. "முன்னால் வந்தவன் ஜெயித்தான், அவ்வளவுதானே ஸார்? பந்தயத்தில் குதிரையை இரண்டு தடவையா ஓட்டுவார்கள்?" என்கிறார். குதிரைக்குச் சரி. மனிதர் விஷயத்தில் அவருக்கு நான் 1969-ஆம் வருஷத்துக் கதையைத்தான் சொன்னேன்.

அதுவும் கட்சிக்குள் அபேட்சகரைப் பொறுக்கியதில் மூண்ட சண்டைதான். மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, இந்திரா காந்தியின் விருப்பத்தை மீறி, நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. காமராஜரும் ரெட்டி பக்கம். 1955-இல் எங்கள் பக்கத்து ஆவடியில் கூடிச் சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று ஒரே குரலில் தீர்மானம் போட்ட கட்சி இது! வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார், தி.மு.க. அவரை ஆதரித்தது. சுதந்திராவும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின.

நம் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் நாள் வோட்டு கிடையாது. சீட்டிலேயே 1, 2 என்று விருப்பத்தை எழுதிவிட வேண்டும். மறுதேர்தலை மடித்து அதே சீட்டுக்குள் வைத்த மாதிரி. ஆகவே காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, தேஷ்முக்கின் ஆட்களிடம் போய் இரண்டாவது விருப்பத்தை ரெட்டிக்குத் தரும்படி கேட்டார். கணக்குப்படி அதில் தப்பில்லை. ஆனால் ஜனசங்கத்தோடு பேச்சா என்று இந்திராவின் பக்கம் பிடித்துக்கொண்டது. கடைசியில், மனசாட்சிப்படி வோட்டுப் போடுங்கள் என்று பிரதம மந்திரியே சொல்லிவிட்டார். ரெட்டியின் மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவரும் அவர்தான்.

ஆகஸ்ட் 16-இல் வோட்டு, 20-இல் எண்ணிக்கை. ஜெயிக்க வேண்டியது 418,169. கிரிக்கு 401,515, ரெட்டிக்கு 313,548, தேஷ்முக்குக்கு 112,769. கிரி முன்னால் வந்தார். ஆனால் பாதியைத் தொடவில்லை. பின்தங்கியவர்களின் சீட்டுகளைப் பிரித்தார்கள். அதில் ரெட்டிக்குச் சேர்ந்தது 91,879, கிரிக்கு 18,562தான்! கிரி 420,077, ரெட்டி 405,427 என்று முடிந்தது.

"பார்த்தீர்களா, முன்னால் வந்தவர்தானே ஜெயித்தார்?" என்றார் பென்ஷன்காரர். ஜெயித்தார், வாஸ்தவம். ஆனால் எண்பத்தேழாயிரத்துச் சொச்சமாக இருந்த வித்தியாசம் பதினாலாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியதே! முதல் எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால், தேஷ்முக்குக்குப் போட்டவர்களின் மனசு யாருக்குத் தெரிந்திருக்கும்? மிஷோவின் மனக்குறை வேறு ஜாதி. அங்கே மறு சுற்று, சிதறிக் கிடந்த வெள்ளை வோட்டுகளுக்கு ஒன்றுசேர அவகாசம் கொடுத்தது. அந்த ஊரில் நான் இருந்திருந்தால் நானும் ஜாக்ஸனோடுதான் நின்றிருப்பேன். இங்கே அதை எடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை.

நவம்பர் மாதம் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்; காங்கிரஸ் இரண்டாயிற்று. காமராஜர் பழைய காங்கிரஸில் நின்றார். ரெட்டி 1977-இல் ஜனாதிபதி ஆனார். அந்தத் தடவை போட்டியே இல்லை. ஒருவரும் 1 என்றோ 2 என்றோ எழுத வேண்டியிருக்கவில்லை.