ஜெரெஜாக் சிறையும் குளுகோர் பல்கலைக்கழகமும்

"சார், குற்றவியலும் சமூகக் கொள்கையும் படிச்சா போலீஸ்லதான் வேலையா?" ஆறாம் படிவ மாணவர்கள் கேட்பதுண்டு. வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பாயான் பாருவிலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எதிரே தெரிவதுதான் ஜெரெஜாக் தீவு.

முன்பு தொழுநோயாளிகளையும் பிறகு காசநோயாளிகளையும் ஒதுக்கி வைத்த தீவு அது. மே 13 கலவரம் முடிந்து ஒரு மாதத்தில், 1969 ஜூன் 12இல், அங்கே சிறை திறக்கப்பட்டது. கலவரத்தை ஒட்டி வந்த அவசரகாலச் சட்டப்படி, உள்துறை அமைச்சர் ஆணையிட்டால் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஈராண்டு வரை தடுத்து வைக்கலாம். அப்படிப் பிடிபட்டவர்கள் ஜெரெஜாக்கிலும் இருந்தார்கள். பெயர் மட்டும் மறுவாழ்வு மையம்! 1993இல் அது மூடப்பட்டது.

அதே 1969 ஜூனில்தான் கரையில், குளுகோரில், இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியது. நாட்டிலேயே முதன்முறையாகச் சமூகப்பணிப் படிப்பு அங்கே 1975இல் வந்தது. தீவில் ஆளைப் பூட்டி வைத்தார்கள். கரையில், ஆள் ஏன் அந்த வழிக்குப் போனான் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பினாங்குக்கு இந்தக் கேள்வி பழசு. 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் சங்கங்கள் பத்து நாள் மோதின. செங்கொடி, வெண்கொடிச் சங்கங்களில் இருந்த மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது. 1869இல் சங்கங்களைப் பதியும் சட்டம் வந்தது. ஆனால் புதிதாக வந்திறங்கிய கூலிக்கு வேலை, கடன், சாவுச் செலவு எல்லாம் சங்கம்தானே பார்த்தது? 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு அலுவலகம் திறந்த பிறகே அரசு அந்தப் பக்கம் திரும்பியது.

இனி நம்ம கதை. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் ஏறக்குறைய 40,000 பேர். அதில் 71 விழுக்காட்டினர் இந்தியர். வகுப்பில் இதைச் சொன்னா பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. கணக்குப் போடச் சொல்லுங்கள். 71 விழுக்காடு என்றால் சுமார் 28,000 பேர். நாட்டில் இந்தியர் ஏறத்தாழ 19 லட்சம். ஆக நூற்றுக்கு ஒன்றரைப் பேர். கும்பலில் இந்தியர் அதிகம் என்பதும், இந்தியர் எல்லாம் கும்பல் என்பதும் ஒன்றல்ல. குற்றவியலில் முதல் பாடமே இதுதான் என்பேன்.

அடுத்து, ஏன்? 1980களிலிருந்து ரப்பர் தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளானபோது, வேலையோடு லயத்து வீடு, கோயில், பள்ளி, திடல் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பையனுக்கு அந்த இடத்தை யார் நிரப்பினார்கள்?

அவசரகாலச் சட்டத்தை 2011இல் ரத்துச் செய்தார்கள். விடுதலையானவர்களால்தான் குற்றம் கூடியது என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. 2013இலேயே குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையில்லாத காவலை மறுபடி கொண்டு வந்தார்கள். 1869 சட்டத்தையும் இந்தத் திருத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, 1877க்கு ஈடாக இப்போ என்ன இருக்குன்னு மாணவர்களை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.